இணையத் தொலைபேசியும் கடவுச்சொற் காவலும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தொடர்பாடற் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைக் கண்டுபிடித்த அறிஞரையும் பரப்பிய கம்பனிகளையும் பற்றியே விரிவாகப் பேசுவர். அக்கருவிகளைக் காத்தவர் யார், எம்முறையிற் காத்தனர், காவல் தவறியபோது எழுந்த நட்டம் யார் தலையில் விழுந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இணையத் தொலைபேசிச் சேவையகங்களின் மீது இன்று இடையறாது நடைபெறும் கடவுச்சொல் ஊகத் தாக்குதல்களை ஆராய்வதற்கு இவ்வினாக்களே பொருத்தமான நுழைவாயிலாகும். இவ்விடயத்தைத் தொழில்நுட்பவியலார் தம் துறைக்குள் அடங்கிய சிறு பிரச்சினையாகவே கருதுகின்றனர். ஆயின் கடல் கடந்த உறவுகளாலேயே கடந்த நாற்பதாண்டு வாழ்வை நடத்தி வந்த ஒரு சமூகத்துக்கு இது சமூக வரலாற்றின் ஒரு கூறுமாகும்.

நன்னூலார் தகுதி வழக்கினை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல்வன உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். ஒரு தொழிற் கூட்டத்தார் தம்முள் மட்டும் வழங்கும் சொல் அது. பிறரறியாத சொல்லாக இருந்தமை அதன் வலுவில் ஒரு பகுதியே. சொல்பவனின் முகமும் குரலும் தொழிலும் கேட்பவனுக்கு முன்னரே தெரிந்திருந்தமைதான் பெரும்பகுதி. அயலான் ஒருவன் பட்டறைக்குள் வந்து 'பறி' என்று சொன்னமையால் மட்டும் அவன் கையிற் பொன்னை எவரும் கொடுத்திரார். கணினியின் கடவுச்சொல் இதற்கு நேர் மறுதலையானது. முகமும் குரலும் அறியாத இயந்திரம், சொல்லை மட்டும் கேட்டு வழிவிடுகிறது. தவறான சொல்லைச் சொன்னவனை நினைவிலும் வைத்திருப்பதில்லை. அறிமுகத்தின் இடத்தைச் சொல் பிடித்துக்கொண்ட இம்மாற்றத்திலேயே நமது பிரச்சினையின் வேர் உள்ளது.

இலங்கையின் முதலாவது தந்தித் தொடர்பு 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் ஏற்பட்டது. துறைமுகமும் பெருந்தோட்ட வாணிகமும் நிர்வாகமும் வேண்டி நின்ற தொடர்பு அது. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இலேயே காங்கேசன்துறை வரை நிறைவுற்றது. குடாநாட்டில் தந்தியும் பின்னர் தொலைபேசியும் கச்சேரி, புகையிரத நிலையம், வைத்தியசாலை, பெருவணிகர் கடை என்னும் வரிசையிலேயே வேரூன்றின. எனினும் தொலைதூரத் தொடர்பின் தேவை குடாநாட்டுக்கு அந்நியமானதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரச அலுவலகங்களுக்கும் எழுதுவினைஞராகச் சென்றோர் அனுப்பிய கடிதங்களும் காசுக்கட்டளைகளும் பல கிராமங்களின் வீட்டையும் வளவையும் பாடசாலையையும் உருவாக்கின. தந்தி வந்தால் சாவுச் செய்தி என்று நடுங்கிய வீடுகளும் இவையே.

தன்னியக்க இணைப்பு பரவும் வரை, தொலைதூர அழைப்பு ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் கையைக் கடந்தே சென்றது. மக்கள் 'ஒப்பரேற்றர்' என்றழைத்த தொலைபேசி இயக்குநர் எண்ணைக் கேட்டு, அழைப்பைப் பதிந்து, நேரத்தைக் குறித்து, கட்டணத்தை எழுதினார். உப தபாற்கந்தோரின் தபாலதிபர் தம் ஊரார் யாருக்கு எங்கே உறவு என்பதையும் அறிந்திருந்தார். பிறர் கணக்கில் அழைப்பெடுத்தல் அந்நிலையில் எளிதன்று. இதனைக் கொண்டு பழைய முறையைப் போற்றுதல் தவறாகும். தொலைபேசி வீட்டிலிருந்தோர் மருத்துவரும் சட்டத்தரணிகளும் வணிகருமே. ஏனையோர் தம் குடும்ப விவகாரத்தைத் தபாற்கந்தோரின் முன்மண்டபத்தில் உரத்த குரலிற் பேசவேண்டியிருந்தது. அறிமுகம் என்னும் காவல் அறிமுகமுள்ளோருக்கே வாய்த்தது. சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்டோர் அக்காவலின் உள்ளே இருந்தனர் என்று கொள்ளுதற்கில்லை. முகம் பாராத இயந்திரம் இவ்வகையில் ஒரு முன்னேற்றமே என்பதை மறுக்கலாகாது.

1983 ஜூலை வன்செயலின் பின் புலப்பெயர்வு பெருகிற்று. இலண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ, மெல்பேண் ஆகிய நகரங்கள் குடாநாட்டுக் குடும்பங்களின் நாளாந்தப் பேச்சில் அயலூர்களாயின. தொலைபேசி முன்னெப்போதையும்விட வேண்டப்பட்ட அதே வேளையில், 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டின் தொலைபேசி இணைப்புகளும் தேசிய மின் விநியோகமும் அறுந்தன. தேவை உச்சத்தை எட்டியபோது கருவி இல்லாதொழிந்த இம்முரண்பாடு நமது தொடர்பாடல் வரலாற்றின் மையமான உண்மை எனலாம். மகனின் குரலைக் கேட்பதற்காகக் கிளாலிக் கடனீரேரியை இரவிற் கடந்து வவுனியாவுக்கும் அப்பால் கொழும்புக்கும் சென்ற தாய்மார் இருந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்த சில வரிச் செய்திகளே பலருக்குத் தொலைபேசியாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்த பின்னர், குடும்பத்தவர் எங்கிருக்கின்றனர் என்பதே தெரியாத நிலை வெளிநாட்டிலிருந்தோரை வாட்டியது.

1996க்குப் பின் இணைப்புகள் சிறிது சிறிதாக மீண்டன. மக்கள் 'கொமினிக்கேசன்' என்று வழங்கிய தொடர்பாடல் நிலையங்கள் சந்திகள் தோறும் எழுந்தன. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ9 பாதை திறந்தது, கைபேசியும் பரவியது. அதே ஆண்டில் இலங்கை ரெலிகொம் நிறுவனத்தின் சர்வதேச அழைப்புத் தனியுரிமை முடிவுற்று, 2003 முதல் ஏனைய கம்பனிகளும் வெளிநாட்டு அழைப்புகளைக் கையாள அனுமதி பெற்றன. வெளிநாட்டிலோ, தமிழ்க் கடைகளில் விற்கப்பட்ட அழைப்பு அட்டைகளே பெருவழக்காயின. அட்டையைச் சுரண்டினால் வெளிப்படும் நீண்ட இலக்கமும் ஒரு கடவுச்சொல்லே என்பது இவ்விடத்து நோக்கத்தக்கது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் மோதல் மூண்டு பாதை மூடப்பட்டது. அதனைத் தொடர்ந்த காலத்தில் கைபேசிச் சேவைகள் முடக்கப்பட்டதும் உண்டு. பாதுகாப்பு என்ற காரணமே அப்போதும் சொல்லப்பட்டது. இதனை இங்கே குறித்து வைப்பதற்கு ஒரு நோக்கம் உண்டு: காவல் என்ற பெயரால் வழியையே அடைத்துவிடும் முறை எத்தகையது என்பதைக் குடாநாட்டார் அனுபவித்து அறிந்துள்ளனர்.

இணையத்தின் வழியே குரலை அனுப்பும் முறை இக்காலப் பகுதியிலேயே முதிர்ந்தது. தொலைபேசி அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உரிய பொது நெறிமுறையான 'சிப்' 1999இல் வெளியிடப்பட்டு 2002இல் திருத்தியமைக்கப்பட்டது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர், தமது சிறு தொழிலுக்குத் தேவைப்பட்ட தொலைபேசிப் பரிவர்த்தனைக் கருவியை வாங்கப் பணமின்றித் தாமே எழுதிய மென்பொருளை 1999இல் 'அஸ்டெரிஸ்க்' என்ற பெயரில் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரியதாக வெளியிட்டார். பெருங்கம்பனிகளே விற்றுவந்த பரிவர்த்தனைக் கருவி இதனால் ஒரு பழைய கணினிக்குள் அடங்கியது. பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், தனியார் வைத்தியசாலை, பழைய மாணவர் சங்கம் போன்ற சிறு நிறுவனங்களும் தமக்கென ஒரு பரிவர்த்தனை நிலையத்தை வைத்திருக்க வழி பிறந்தது. குடாநாட்டின் 021 என்னும் பிரதேச இலக்கத்தின் கீழ் உள்ள ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பை ரொறன்ரோவில் ஒரு வீட்டு மேசையில் எடுத்துப் பேசலாம். அங்கிருந்து உரும்பிராய்க்கு உள்ளூர்க் கட்டணத்திற் பேசலாம்.

கம்பனிகளின் இலவசச் செயலிகள் இருக்கையில் சொந்தச் சேவையகம் எதற்கு என்று கேட்கப்படலாம். 2003இல் தோன்றிப் புலம்பெயர்ந்தோரிடையே பெருவழக்காயிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் அதன் உரிமையாளரால் நிறுத்தப்பட்டது. 2018 மார்ச் மாதத்தில் கண்டி மாவட்ட வன்செயலின்போதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் வைபர், வட்ஸ்அப் முதலியன இலங்கையிற் தடைசெய்யப்பட்டன. பிறர் கையிலுள்ள வழி பிறர் விருப்பப்படியே திறந்திருக்கும். இதனாலேயே பொதுவுடைமைத் தன்மை வாய்ந்த மென்பொருள்கள் நமது கவனத்துக்குரியனவாகின்றன. ஆனால் வழியைத் தன் கையில் எடுத்துக்கொள்வோன் காவலையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். ஒரு கம்பனியின் பொறியியலாளர் கூட்டம் செய்த வேலை, சம்பளமின்றி மாலையில் வந்துபோகும் ஒரு தொண்டரின் தோளில் ஏறுகிறது.

தாக்குதல் நடைபெறும் முறையைச் சிறிது விரிவாகக் காண்போம். இணையத்திலுள்ள சிப் சேவையகம் வழக்கமாக 5060 என்னும் இலக்கமுடைய வாயிலிற் காத்திருக்கும். தொலைவிலுள்ள தொலைபேசிக் கருவி அவ்வாயிலுக்கு வந்து, தான் இன்ன உள்ளிணைப்பு எண் என்று அறிவித்துப் பதிவு கேட்கும். சேவையகம் உடனே ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படும் ஒரு தொடரை அனுப்பி விடை கேட்கும். கருவி, கடவுச்சொல்லையும் அத்தொடரையும் கலந்து கணித்த ஒரு சுருக்கத்தைத் திருப்பி அனுப்பும். சேவையகம் தன்னிடமுள்ள சொல்லைக் கொண்டு அதே கணிப்பைச் செய்து ஒப்பிடும். கடவுச்சொல் கம்பிவழியே வெளிப்படையாகச் செல்வதில்லை என்ற வகையில் இது நல்ல ஏற்பாடே. எனினும் கேட்பவன் யார் என்பதை அறிய அதற்கு வேறு வழியில்லை. சொல் சரியானால் திருடனும் வீட்டுக்காரனே.

திருடனின் வேலை மூன்று படியாக அமைகிறது. முதலில் வாயில் எங்கே உள்ளது என்று தேடுவான். அடுத்து அவ்வீட்டில் எவ்வெவ் எண்கள் உள்ளன என்று அறிவான். பழைய அமைப்புகளில் இல்லாத எண்ணைக் கேட்டால் ஒரு விடையும், இருக்கும் எண்ணைத் தவறான சொல்லுடன் கேட்டால் வேறொரு விடையும் கிடைத்தமையால் இது மிக எளிதாயிருந்தது. வாயிற்காவலன், "அப்படியொருவர் இங்கில்லை" என்று ஒருவருக்கும், "அவர் உள்ளேதான் இருக்கிறார், ஆனால் நீ போகலாகாது" என்று இன்னொருவருக்கும் சொன்னதற்கு ஒப்பானது இது. பின்னர் அஸ்டெரிஸ்க் போன்றவை எக்கேள்விக்கும் ஒரே மறுப்பையே விடையாகத் தரும்படி திருத்தப்பட்டன. மூன்றாவது படியே கடவுச்சொல் ஊகம். 101 என்ற எண்ணுக்கு 101 என்பதையே கடவுச்சொல்லாக வைத்திருப்போர் இருக்கும் வரை திருடனுக்கு அதிக உழைப்பு வேண்டியதில்லை. 2007இல் சண்ட்ரோ கவுசி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட 'சிப்விஷியஸ்' என்ற கருவி, நிர்வாகிகள் தம் சேவையகங்களைத் தாமே சோதித்தறிவதற்கானது. அதுவே தாக்குவோரின் கையிலும் பெருவழக்காயிற்று.

ஊகத்தின் வரலாறு இதனிலும் பழையது. கணினியிற் கடவுச்சொல் வைக்கும் வழக்கத்தைப் பரப்பியது 1960களின் தொடக்கத்தில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவாகிய நேரப்பகிர்வுக் கணினி அமைப்பு. 1962இல் அங்கேயே அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற் கோப்பு முழுவதையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். 1979இல் ரொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. பயனாளர் தாமாகத் தெரிந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். 15 சொற்கள் ஒற்றை எழுத்தாலானவை, 72 இரண்டெழுத்தாலானவை, 464 மூன்றெழுத்தாலானவை. அகராதிச் சொற்களையும் பெயர்களையும் சேர்த்து நோக்குகையில் 2,831 சொற்கள், அதாவது நூற்றுக்கு 86, எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கனவாயிருந்தன. கணினியை ஆக்கிய ஆய்வுகூடங்களை ஒட்டி வாழ்ந்தோரின் நிலையே இதுவெனில் சாதாரண மக்களைக் குறைகூற என்ன உள்ளது? முப்பது ஆண்டுகளின் பின், 2009இல் றொக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் கசிந்தபோது, அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்தது 123456 என்பதே. கசிந்த பட்டியல்கள் எல்லாம் அடுத்த ஊகத்துக்கான அகராதிகளாகின்றன. உலகின் பல மொழியாரின் சொற்களும் பெயர்களும் அவற்றுள் கலந்துள்ளன. எனவே, குலதெய்வத்தின் பெயரையோ ஊர்ப் பெயரையோ ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தால் அந்நியன் அறியான் என்று நம்மவர் கொள்ளும் நம்பிக்கை ஆதாரமற்றது.

தொலைபேசித் துறையில் இவ்வூகம் பெருங்கொள்ளையாக மாறியமைக்கு எட்வின் பெனா வழக்கு ஒரு சான்று. மியாமியில் இருந்த பெனா, வாஷிங்ரன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரைச் சேர்ந்த றொபேட் மூர் என்னும் இளைஞரின் துணையுடன், இணையத் தொலைபேசிக் கம்பனிகள் தம் அழைப்புகளை அடையாளங்காண வைத்திருந்த முன்னெண் குறியீடுகளை இடைவிடாது முயன்று ஊகித்தறிந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட நிமிட அழைப்புகளைக் களவாகச் செலுத்தி மலிவு விலைக்கு விற்றார். 2006இல் இருவரும் கைதாயினர். 2007இல் மூருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. தப்பியோடிய பெனா 2009இல் மெக்சிக்கோவிற் பிடிபட்டு 2010இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உள்ளே நுழைந்த கருவிகளிற் பல உற்பத்தியாளர் வைத்த தொடக்கக் கடவுச்சொல்லுடனேயே கிடந்தன என்பதை மூரே பின்னர் கூறியுள்ளார்.

ஆயினும் தனிமனிதக் கள்வரின் காலம் விரைவிலேயே கடந்தது. 2011 பெப்ரவரியில் 'சலிற்றி' என்னும் நச்சுநிரலாற் பீடிக்கப்பட்ட சுமார் 30 இலட்சம் முகவரிகளிலுள்ள கணினிகள், உரிமையாளர் அறியாமலே ஒன்றிணைந்து, இணையத்தின் அக்காலத்து முகவரிப் பரப்பு முழுவதையும் 12 நாளில் சிப் சேவையகங்களுக்காகத் துழாவின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆய்வாளர், எவரும் பயன்படுத்தாத ஒரு முகவரித் தொகுதியை வைத்துக்கொண்டு அங்கு வந்து விழும் செய்திகளை அவதானித்து இதனைக் கண்டறிந்தனர். ஒவ்வொரு கணினியும் மிகச் சில முறையே தட்டியது. ஆதலால் தனித்தனியே பார்த்த எவருக்கும் சந்தேகம் எழவில்லை. முழுப் பரப்பும் துழாவப்பட்டது என்பதனால், இலங்கைக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளும், அவற்றுள் அப்போது குடாநாட்டிற் பயன்பட்டவையும் அதில் அடங்கின. நாம் சிறியோர், நம்மை யார் தேடுவார் என்னும் எண்ணம் அன்றோடு பொருளற்றதாயிற்று. இங்கு தேடுபவனுக்கு நாம் யார் என்பதில் அக்கறையே இல்லை.

காவல் முறைகளுக்கு வருவோம். 2004இல் சிறில் ஜக்கியே என்பவர் எழுதத் தொடங்கிய 'ஃபெயில்டூபான்' என்ற மென்பொருள், சேவையகத்தின் பதிவேட்டைத் தொடர்ந்து வாசித்து, ஒரே முகவரியிலிருந்து தவறான சொல் பலமுறை வந்தால் அம்முகவரிக்கு வாயிலை அடைத்துவிடும். ஒப்பரேற்றரிடமிருந்த நினைவை இயந்திரத்துக்கு ஓரளவு மீட்டுக் கொடுத்த முயற்சி இது எனலாம். இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு இலக்கக் கடவுச்சொற்கள் மொத்தம் 10,000. விநாடிக்கு 10 முறை முயல்பவன் 17 நிமிடத்துக்குள் அனைத்தையும் முடித்துவிடுவான். ஐந்து தவறுக்கு ஒரு மணிநேர அடைப்பு என்று விதித்தால் நாளொன்றுக்கு 120 முறையே முயலலாம்; முழுவதையும் முடிக்க 84 நாள் வேண்டும். இக்கணக்கைக் கண்டு நிறைவடைந்தோர் பலர். ஆனால் 2,000 கணினிகள் ஆளுக்கு ஐந்து முறை தட்டினால் ஒரே சுற்றில் 10,000உம் முடிந்துவிடும். எந்த முகவரியும் அடைக்கப்படவேண்டிய எல்லையைத் தாண்டியிராது. 30 இலட்சம் முகவரிகளைக் கொண்ட படையின் முன் 2,000 என்பது எம்மாத்திரம்?

இன்னொரு குறையும் உண்டு. சிப் செய்திகள் பெரும்பாலும் செல்லும் போக்குவரத்து முறையில், அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுத முடியும். உறவினரின் முகவரியை இட்டுத் தவறான சொற்களை ஒருவன் அனுப்பினால், காவலன் உறவினருக்கே வாயிலை அடைப்பான். அடைப்பு முறையையே ஆயுதமாக்கும் இத்தந்திரத்தைத் தவிர்க்க, வந்தவர் உண்மையிலேயே அம்முகவரியில் உள்ளாரா என்பதை உறுதிசெய்யும் வேறு போக்குவரத்து முறையைக் கையாளுதல் நன்று.

எண்ணுதல் துணைக்காவலே, முதற்காவல் சொல்லின் நீளமே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம் ஆகிய 62 குறிகளிலிருந்து இயந்திரமே குருட்டாம்போக்கிற் பொறுக்கிய 12 குறிகள் ஒரு கடவுச்சொல்லாயின், விநாடிக்கு 1,000 முறை முயன்றாலும் முழுவதையும் முடிக்க 10,000 கோடி ஆண்டு செல்லும். தொலைபேசிக் கருவியில் அச்சொல்லை ஒருமுறை மட்டுமே பதிக்கவேண்டியிருத்தலால் எவரும் அதனை மனனஞ்செய்ய வேண்டியதில்லை. ஞாபகத்துக்கு எளிய சொல் என்ற பழைய நியாயம் இங்கு செல்லுபடியாகாது. உள்ளிணைப்பு எண் ஒன்றாகவும் பதிவுக்குரிய பெயர் வேறொன்றாகவும் இருப்பின் ஊகிப்பவன் இரண்டையும் ஊகிக்கவேண்டும். இடைவழியில் செய்தியைக் கவர்ந்தவன் தன் வீட்டிலிருந்தே, எவரும் எண்ணாதபடி, ஊகித்துப் பார்க்கலாம் என்பதால் வழியை மறையாக்கம் செய்தலும் வேண்டும். சிப் நெறிமுறை நெடுங்காலம் நம்பியிருந்த எம்டி5 என்ற பழைய சுருக்க முறைக்கு மேலாக வலிய முறைகளுக்கு 2020இலேயே நெறிமுறையில் இடமளிக்கப்பட்டது.

வெளியூர்க் கையேடுகள் யாவும் முதலிற் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் வாயிலைத் திற, ஏனைய நாடுகளை முற்றாக அடை. ஒரே கட்டடத்துள் இயங்கும் அலுவலகத்துக்கு இது மிக நல்ல அறிவுரை. கிளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உள்ள வீடுகளிற் பரந்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கோ இது தன் இருப்பின் காரணத்தையே வெட்டியெறிதலாகும். வீடுகளின் இணைய முகவரிகள் நிலையானவையல்ல. இன்று ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. கையேடு எழுதியவரின் சமூக நிலையே கையேட்டில் எழுதப்படாத அடிப்படையாக அமைகிறது என்பதற்கு இது தக்க உதாரணம். நமக்குப் பொருந்துவது, ஒவ்வொரு கருவிக்கும் தனி மறையாக்கச் சுரங்கவழியும் சான்றிதழும் கொடுத்து, 5060 வாயிலைப் பொதுத் தெருவிலிருந்தே அகற்றிவிடுதலாகும். வாயிலின் இலக்கத்தை மட்டும் மாற்றி வைத்து ஆறுதலடைவோர், வீட்டுக் கதவின் நிறத்தை மாற்றிக் கள்வனை ஏமாற்ற நினைப்போரை ஒப்பர்.

கள்வனின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் இக்காவலை முழுமையாக விளங்க முடியாது. கைப்பற்றிய உள்ளிணைப்பிலிருந்து அவன் பேசுவதற்காக அழைப்பதில்லை. மிக உயர்ந்த கட்டணமுடைய சில வெளிநாட்டு எண்களுக்கு, பெரும்பாலும் வார இறுதி இரவுகளில், ஒரே நேரத்திற் பல அழைப்புகளை எடுத்து மணிக்கணக்காகத் திறந்து வைப்பான். அவ்வெண்களை வாடகைக்கு வைத்திருப்போர் கட்டணத்தின் ஒரு பங்கை அவனுக்குக் கொடுப்பர். சேவையக உரிமையாளர் தம் தொலைபேசிக் கம்பனிக்குக் கட்டவேண்டும்; அக்கம்பனி அடுத்த கம்பனிக்கு, அது அதற்கடுத்ததற்கு. இச்சங்கிலியில் இடைநின்ற ஒவ்வொருவரும் தத்தம் பங்கைப் பெற்றுக்கொள்கின்றனர். களவு என்று தெரிந்த பின்னரும் நட்டம் முழுவதும் சங்கிலியின் தொடக்கத்திலுள்ள சிறு நிறுவனத்தின் மீதே இறங்குகிறது. அழைப்பு அதன் கணக்கிலிருந்து சரியான கடவுச்சொல்லுடன் எழுந்தது என்பதே காரணம். வங்கி அட்டைக் களவில் வாடிக்கையாளருக்கு ஓரளவேனும் பாதுகாப்பு இருக்க, தொலைபேசிக் களவில் அத்தகைய பாதுகாப்பு பெரும்பாலும் இல்லாதிருப்பது ஏன் என்ற கேள்வியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தலைப் பற்றிப் பேசுவோர் எழுப்பவேண்டும். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்கியுள்ளது. குற்றவாளி மூன்று நாடுகளுக்கு அப்பால், பிறரின் கணினிக்குள் மறைந்திருக்கையில், அச்சட்டம் கட்டணப் பட்டியலைக் குறைப்பதில்லை.

ஆதலால் நட்டத்துக்கே எல்லை கட்டுதல் இன்றியமையாதது. முற்பணம் செலுத்திய கணக்கையே பயன்படுத்துதல், ஒரே நேரத்தில் ஓர் உள்ளிணைப்பிலிருந்து எழும் அழைப்புகளின் தொகையை இரண்டுக்கு மட்டுப்படுத்துதல் ஆகியன எளியவை. வெளிநாட்டு அழைப்புகளைப் பொறுத்தவரை குடாநாட்டின் நிலை ஒருவகையில் நமக்குச் சாதகமானது. புலம்பெயர்ந்தோர் வேண்டுவது வெளியிலிருந்து சேவையகத்துக்கு வந்து, அங்கிருந்து ஊருக்குள் செல்லும் அழைப்பு. கள்வன் வேண்டுவது அங்கிருந்து வெளிநாட்டுக்குச் செல்லும் அழைப்பு. இரண்டும் எதிர்த்திசையானவை. எனவே வெளிச்செல்லும் திசையை இறுக்கினால் உறவுகளின் திசை பாதிக்கப்படாது. உறவினர் வாழும் நாடுகளை மட்டும் அனுமதித்து ஏனையவற்றை மறுக்கலாம்: பிரித்தானியா 44, பிரான்ஸ் 33, ஜேர்மனி 49, சுவிற்சர்லாந்து 41, நோர்வே 47, அவுஸ்திரேலியா 61, இந்தியா 91.

கனடாவின் இலக்கம் 1. அதனையும் அப்படியே அனுமதித்துவிடுவோர் பலர். ஆனால் அந்த 1 கனடாவுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவும் ஜமேக்கா, டொமினிக்கன் குடியரசு முதலிய பல கரிபியன் நாடுகளும் அதனையே பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுட் சிலவற்றுக்கான கட்டணம் கனடாவுக்கானதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. கள்வர் இதனை நன்கறிவர். ஆகவே 1ஐ முழுவதாகத் திறவாது, ரொறன்ரோ நகரின் 416, 647, அதன் சுற்றுப்புறத்தின் 905, மொன்றியலின் 514 என்றவாறு, உறவினர் உண்மையில் வாழும் பிரதேச இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து எழுதவேண்டும். அப்பட்டியலை எந்தக் கையேட்டிலும் காணமுடியாது. சேவையகத்தைக் காப்பவர், பழைய தபாலதிபர் அறிந்திருந்ததுபோல, யாருக்கு எங்கே உறவு என்பதை வீடு வீடாகக் கேட்டே அதனை ஆக்கவேண்டும். புதிதாக ஒருவர் எட்மன்ரனுக்குக் குடிபெயர்ந்தால் 780ஐயும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.